கார்த்திகையில் வாங்கிய பேட்டரிகள்

மாதத்துக்கு ஒருநாள் எங்கள் பக்கம் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். இன்ன தேதியில் இன்ன ஊர்களில் மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தால், விஸ்வநத்தம் என்ற பெயர் அதில் இருக்கிறதா என்று நான்கு தடவை பார்ப்பேன். இருந்துவிட்டால் அந்த நாள் வந்து போகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டில் கை இருக்கும், மனசு இருக்காது.

காரணம் என் மனைவியின் மூச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினாறு வருஷம் பட்டாசு வேலைக்குப் போனவள் அவள். மருந்துத் தூசியும் பேப்பர்த் தூசியும் அவள் நெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டன. டாக்டர் போதும் என்று சொன்ன அன்று வேலையை நிறுத்திவிட்டாள். இளைப்பு நிற்கவில்லை. பனி பட்டாலும் வரும், தாளிக்கிற நெடி ஏறினாலும் வரும். முதலில் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். பிறகு தோள்கள் இரண்டும் மேலே தூக்கும். அப்போது மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மெஷினை மாட்டிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் மூச்சு கீழே இறங்கும். அந்த மெஷின் கரண்டில் ஓடுவது.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிட்டங்கி பார்க்கிறேன். சரக்கு வந்தால் அடுக்குவது, லோடு போனால் எண்ணி அனுப்புவது. இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. தெய்வத்தை நம்பிப் பிழைக்கிற தொழில் இது. காலையில் பூட்டைத் திறக்குமுன் அம்மனை நினைத்துச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சாயங்காலம் பூட்டிய பிறகு இன்னொரு தடவை. ஒருநாளும் மறந்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கைந்து நாட்கள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருமழை. சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு போய்விட்டது. மழைக்காற்று பட்டதும் அவளுக்கு விசில் ஆரம்பித்தது. மாஸ்க்கை முகத்தில் பிடித்துக்கொண்டு, ஓடாத மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து விசிறினேன். வீசுகிற காற்று அவளுக்குள் போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நிற்பேன், திரும்பி வந்து விசிறுவேன், வாசலுக்குப் போய் மழையைப் பார்ப்பேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது.

மெஷின் ஓடி மூச்சு கொஞ்சம் இறங்கியதும், "ஆத்தா காப்பாத்திட்டா" என்று சொன்னாள்.

ஆத்தா இந்தத் தடவை காப்பாற்றினாள், அடுத்த தடவைக்கு நானும் ஏதாவது செய்து வைத்திருக்க வேண்டாமா என்று எனக்குள் ஒரு குடைச்சல் கிளம்பியது. அது பிறகு அடங்கவேயில்லை.

என் மனைவியின் தம்பி திருத்தங்கலில் இருக்கிறான். எலக்ட்ரீஷியன். அச்சாபீஸ் மிஷின்களுக்கு மோட்டார் வேலை, வயரிங் வேலை எல்லாம் பார்ப்பான். அவன் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மின்தடை அறிவிப்பு வந்தால் காலையிலேயே மனைவியையும் மெஷினையும் பைக்கில் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். ஆனால் அறிவிக்காமல் போகிற கரண்டுக்கு என்ன செய்வது? மைத்துனனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். பகல் பூராவும் கரண்டு இல்லாத நாளிலும் தாக்குப் பிடிக்க வேண்டுமென்றால் மாடியில் சோலார் பேனல் போட்டு, அதிலிருந்து பேட்டரியில் ஏற்றிக்கொள்ளலாம் என்றான். கம்பெனிக்காரர்களிடம் கொடுக்க வேண்டாம், நாமே செய்துகொள்ளலாம் என்றும் சொன்னான். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்.

"ஆனா ஒண்ணு மச்சான். வரிசை மாறக்கூடாது. மொதல்ல ஸ்டாண்டு. அப்புறம் பேனல், வயரு, இன்வெர்ட்டர். எல்லாம் நின்ன பெறகு கடைசியா பேட்டரி."

"ஏன் மாப்ளே, பேட்டரிதான முக்கியம்? அதை மொதல்ல வாங்கிருவோமே."

"பந்தியில ஆளு வந்து உக்காந்த பெறகுதான மச்சான் சோறு போடுவாக? ஆளு வாறதுக்கு முந்தின நாளே எலையில சோத்தப் போட்டு வைப்பீகளா?"

அவள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. இருபது வருஷம் கிட்டங்கி பார்த்தவனின் மண்டை அது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானையும் சீசனில் வாங்கக்கூடாது. சீசனில் விலையும் ஏறும், கிடைக்கவும் செய்யாது. சும்மா கிடக்கிற மாதத்தில் வாங்கிப் போட்டுவிட வேண்டும். வாங்கியதை ஈரம் படாமல், சூடு படாமல், மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைத்துவிட்டால் போதும். அதைத் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, பக்கத்தில் கரண்டு வயர் போகக்கூடாது. கிட்டங்கிக்குள் நுழையும்போது எங்கள் உடம்பில் இருக்கிற மின்சாரம்கூட உள்ளே வரக்கூடாதென்று வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் போவோம். அப்படிப் பாதுகாத்த சரக்கு போன தீபாவளிக்கு விற்காமல் நின்றிருந்தாலும் இந்தத் தீபாவளிக்குப் படபடவென்று வெடிக்கும். சும்மா இருக்கிற பொருளுக்குச் சேதம் கிடையாது. இதுதான் நான் படித்த படிப்பு.

தீபாவளி முடிந்தது. கம்பெனியை வழக்கம்போல் சில வாரங்களுக்குப் பூட்டிவிட்டார்கள். கையில் போனஸ் இருந்தது, செய்வதற்கு வேலை இல்லை. மைத்துனனோ காலண்டர் சீசனில் மாட்டிக்கொண்டான். தை பிறக்கும்வரை அச்சாபீஸ்கள் ராத்திரி பகலாக ஓடும், ஒரு மிஷின் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "தை வரட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டான். தை வரைக்கும் நான் எப்படிச் சும்மா இருப்பது? காலையில் எழுந்து மாடிக்குப் போவேன். ஸ்டாண்டு எங்கே நிற்கும், பேனல் எந்தப் பக்கம் சாயும் என்று கையால் அளப்பேன். இறங்குவேன். அவள் இருமினால் மறுபடி ஏறுவேன்.

"மாடிப்படி தேஞ்சிரும்ங்க" என்பாள்.

கார்த்திகையில் ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை வந்தது. காலண்டரில் பார்த்தேன், எல்லாம் கூடி வந்திருந்தது. ஒன்பதேகாலிலிருந்து நல்ல நேரம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் போய்விட்டேன். சிவகாசியில் வாங்கினால் மைத்துனன் காதுக்குப் போய்விடுமே என்பதும் ஒரு காரணம். பொய் எதற்கு, அதுதான் பெரிய காரணம்.

கடைக்காரர் வயதானவர், நெற்றி நிறையத் திருநீறு. கடையில் கூட்டமே இல்லை. பேட்டரிக்குச் சீசன் கோடைகாலம் என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சரியான மாதத்தில்தான் வந்திருக்கிறோம்! போன கோடைக்கு வந்து நின்றுபோன இரண்டு பெரிய பேட்டரிகள் இருந்தன. விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார்.

"எப்போ மாட்டப் போறீக?"

"தை மாசம் அண்ணாச்சி."

"அப்போ வீட்டுக்குப் போனதும் ஒருக்கா சார்ஜ் போட்டுருங்க. மாட்டுறவரைக்கும் மாசா மாசம் போடணும். சும்மா வச்சிராதீக."

அவர் சொன்னது காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லமாட்டேன். விற்கிறவர் ஆயிரம் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். என் கண் கடிகாரத்தில் இருந்தது. ஒன்பதேகால் தாண்டியதும் இரண்டு பேட்டரியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். சின்ன வண்டியில் ஏற்றி வந்து இறக்குவதற்குள் முதுகு போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில், பூஜை அலமாரியை அடுத்து, குளிர்ச்சியான ஒரு மூலை இருக்கிறது. அங்கே காய்ந்த மணலை விரித்து, மேலே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டையும் வைத்தேன். கரண்டு முனைகளுக்கு டேப் ஒட்டினேன். சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டும்போதுகூட எட்ட நின்றே காட்டினேன். பிறகு சாக்கால் மூடினேன். கம்பெனிக் கிட்டங்கியில்கூட அவ்வளவு சுத்தமாக ஒரு சரக்கை வைத்திருக்க மாட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். "தம்பிகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லுவோம், சொல்லுவோம். மொதல்ல ஸ்டாண்டு நிக்கட்டும்."

"அந்தக் கடைக்காரரு ஏதும் சொன்னாரா, எப்படி வைக்கணும்னு?"

"எனக்குச் சரக்கு வைக்கச் சொல்லித் தரணுமா?" என்றேன். அவள் வெள்ளிக்கிழமைதோறும் சாக்கின் மேல் ஒரு முழம் பூ வைப்பாள். விளக்கேற்றிக் கும்பிடும்போது அந்தப் பக்கமும் ஒரு கும்பிடு போடுவாள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சநாள் நிம்மதியாகக்கூட இருந்தது.

தை பிறந்தது. வேலை நகரவில்லை. எங்கள் மாடிக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட். மாடியில் வெல்டிங் வைத்தால் பொறி பறக்கும் என்று அவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நியாயம்தான். நானும் அதே தொழில்காரன், நான் எப்படி மறுப்பேன்? ஸ்டாண்டைத் திருத்தங்கலில் அடித்துக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்று ஆனது. அடித்து வந்த ஸ்டாண்டில் ஓட்டைகள் சேரவில்லை. திரும்பப் போனது. மாசி போனது. பேனலுக்கு மதுரையில் ஆர்டர் கொடுத்தால் வருகிறது, வருகிறது என்றார்கள். பங்குனி வந்தது, அம்மன் கோயில் பொங்கல் திருவிழா வந்தது, ஆட்கள் வேலைக்கு வரவில்லை.

பங்குனிக் கடைசியில் மைத்துனன் இன்வெர்ட்டரை மட்டும் வாங்கிக் கொண்டுவந்து பெட்டியோடு கொடுத்தான். எந்த வயரை எங்கே மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தான். சாக்கு மூடிய மூலைக்கு முன்னால் நான் பாயைச் சுருட்டி நிறுத்தி வைத்திருந்தேன். அவன் கவனிக்கவில்லை.

"இனி ஸ்டாண்டும் பேனலும் நின்னுட்டா பேட்டரி வாங்கிரலாம் மச்சான். நானே கூட வாறேன். தேதி பாத்துத்தான் எடுக்கணும்."

"நல்ல நாளாப் பாத்துருவோம் மாப்ளே."

"அந்தத் தேதி இல்ல மச்சான். கம்பெனியில செஞ்ச தேதி. பேட்டரி மேல அடிச்சிருப்பான்."

அவன் போனதும் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். சந்தனப் பொட்டுக்கு அடியில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருந்தன. அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்டேன்.

இன்வெர்ட்டரும் வீட்டுக்கு வந்துவிட்டது என்றதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. சித்திரையில் மின்தடை அறிவிப்பு வந்தபோது, "இந்த மாசம் தம்பி வீட்டுக்குப் போகலங்க. அவனுக்கும் எத்தனை நாளைக்குத் தொந்தரவு? அவசரம்னா மாட்டிக்கிரலாம்ல?" என்று கேட்டாள்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "அதுக்குத்தான வாங்கி வச்சிருக்கேன்" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சொன்னேனே தவிர, அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டேன். கரண்டு ஒன்பதுக்குப் போனது. மைத்துனன் போன் செய்தான். "அக்கா ஏன் இன்னும் வரல?" அவள், "இங்கனயே இருந்துக்கிடுதேன்டா, உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாள். பதினொன்று வரைக்கும் ஒன்றுமில்லை. வெயில் மொட்டை மாடியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் பொடிக்கு மிளகாய் வற்றல் வறுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவரவர் வீட்டில் அவரவர் வறுக்கத்தான் செய்வார்கள். கதவுகளை ஓடி ஓடி அடைத்தேன். அதற்குள் விசில் வந்துவிட்டது.

சாக்கை உருவி எறிந்தேன். டேப்பைப் பிரித்தேன், பெட்டியைக் கிழித்தேன், மைத்துனன் காட்டியபடி சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டி முடுக்கினேன். அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். இன்வெர்ட்டரில் பச்சை எரிந்தது. நெபுலைசர் உறுமியது. மாஸ்க்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையை இறக்கவில்லை. பீப், பீப் என்று இன்வெர்ட்டர் கத்தியது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. மெஷின் ஒரு தடவை முக்கியது, நின்றுவிட்டது. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆவி நின்ற மாஸ்க்கோடு அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை அது. என்ன ஆச்சு என்று கேட்கிற பார்வை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெஷினைப் பையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டி, பைக்கில் ஏற்றினேன். சிவகாசிக்குள் புகுந்து திருத்தங்கல் போக வேண்டும். நடுவில் ரயில்வே கேட். அது அடைத்திருந்தது. என் முதுகில் அவள் நெற்றி சாய்ந்திருந்தது. அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் என் சட்டை இழுபடுவது தெரிந்தது. முன்னால் போக வழியில்லை, திரும்பவும் முடியவில்லை. ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரவேண்டுமாம். எத்தனையோ வருஷமாகத் தினமும் கும்பிடுகிற எனக்கு, அந்தக் கேட்டுக்கு முன்னால் வேறு ஒரு வார்த்தைகூட வரவில்லை. இவளை எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

கிளம்பும்போதே போன் செய்திருந்ததால் மைத்துனன் வாசலிலேயே நின்றான். அக்காவைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு போய் மெஷினை மாட்டினான். பத்து நிமிஷம் ஓடியது. இன்னொரு தடவை மருந்து ஊற்றி இன்னொரு பத்து நிமிஷம். அவள் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "தண்ணி" என்றாள். அப்புறம்தான் நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன்.

"காலையிலயே வந்துருக்கலாம்ல? ஏன்க்கா?" என்று அவன் அவளிடம் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாதென்று இருக்கிறாள் என்று புரிந்தது. நானே சொன்னேன். கார்த்திகையில் வாங்கியதிலிருந்து பாயைச் சுருட்டி மறைத்தது வரைக்கும்.

அவன், "சார்ஜ் போட்டீகளா? ஒருக்காவாவது?" என்றான்.

"இல்ல மாப்ளே. தொடவே இல்ல. பத்திரமா வச்சிருந்தேன்."

"பத்திரமா!" அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "மச்சான், அதென்ன சரவெடியா, சும்மா வச்சா நல்லா இருக்கும்ங்கிறதுக்கு? மாட்டை வாங்கிட்டு வந்து அஞ்சு மாசம் புல்லு போடாமக் கட்டிப் போட்டுட்டு, இன்னிக்குப் போயிப் பால் கறந்தீகளா? அதுக்கு உள்ளுக்குள்ள பசிக்கும் மச்சான். சும்மா இருக்கும்போதுதான் ரொம்பப் பசிக்கும். நம்ம ஊரு சூட்டுல கேக்கவே வேணாம்."

"ஏலே, போதும்டா" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு அக்கா. பொட்டு வச்சு, பூ வச்சுக் கும்புட்டிருக்கீக ரெண்டு பேரும். அது வயித்துக்கு ஒண்ணும் போடல."

மறுநாள் அவன் வீட்டுக்கு வந்தான். ஆசிட்டின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருந்தான். பேட்டரி மூடியைத் திறந்து, குழாயால் ஆசிட்டை உறிஞ்சிக் காட்டினான். நல்ல பேட்டரி என்றால் உள்ளே இருக்கிற மிதவை மேலே ஏறி நிற்குமாம். எங்களுடையதில் அது அடியிலேயே கிடந்தது. தேதியையும் படித்துச் சொன்னான். நான் வாங்குவதற்கு முன்பே அரை வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்த சரக்கு. "கடைக்காரர் சார்ஜ் போடச் சொல்லியிருப்பாரே?" என்று கேட்டான். சொன்னார் என்றேன். அவன் மூடியைத் திருகினான்.

இரண்டையும் அவன் கடைக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தான். ஒன்று பாதி உயிரோடு எழுந்தது. மற்றது எழவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் பூஜை அலமாரி முன்னால் சரியாக நிற்க முடியாமல் தவித்தேன். நல்ல நாள் பார்த்துத்தானே செய்தேன், அப்படியும் ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றும். கேட்க வாயெடுத்தால் வெட்கமாக இருக்கும். நாளில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கடைக்காரர் வாயால் அம்மன் எனக்குச் சொல்லியும் அனுப்பினாள். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்தபோது மன்னிப்புக் கேட்டேன். என் மனைவியிடமும் கேட்டேன். "அதை விடுங்க, அந்தக் கேட்டு முன்னாடி நீங்க அழுதீகல்ல?" என்றாள். எனக்கே அது தெரியாது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டாண்டு முடுக்கி, பேனல்கள் இரண்டும் நின்றன. மைத்துனன் மாடியிலிருந்தே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "வருது மச்சான், வருது! கிளம்புங்க, இப்பவே பேட்டரி எடுத்துருவோம்" என்று கத்தினான்.

மணி மூன்றரை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். போதாக்குறைக்கு அஷ்டமி. அவள் படிக்கட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாழ்நாளில் அந்த நேரத்தில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. கால் தயங்கியது.

"நாளைக்குப் போவோமா மாப்ளே?"

"போகலாம். நாளைக்குக் காலையில திடீர்னு கரண்டு போயி, அக்காவுக்கு இழுத்தா?"

செருப்பைப் போட்டேன். அலமாரிப் பக்கம் திரும்பி, தாயே, நேரம் கெட்ட நேரம், நீ கூட வா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அவன் பின்னால் பைக்கில் ஏறினேன். கடையில் அவன் ஒவ்வொரு பேட்டரியாகத் திருப்பித் தேதி பார்த்தான். போன மாதம் செய்த ஒன்றை எடுத்து, அங்கேயே மீட்டர் வைத்து, குழாய் விட்டு, மிதவை மேலே நிற்பதை எனக்குக் காட்டிய பிறகுதான் வாங்கினான். ராகு காலம் முடியுமுன்னே அதை ஒரு சின்ன வண்டியில் ஏற்றியாகிவிட்டது. இருட்டுவதற்குள் மாட்டியும் ஆயிற்று. இந்தத் தடவை சந்தனப் பொட்டைத் தேதி மறையாத இடத்தில் வைத்தேன்.

அடுத்த மின்தடை ஆனி மாதம் வந்தது. "நீ தம்பி வீட்டுக்குப் போயிரு" என்றேன். போய்விட்டாள். அன்று லீவு போட்டுவிட்டு, வெறும் உப்புத் தண்ணியை ஊற்றி, யாருமில்லாத வீட்டில் நெபுலைசரை ஓடவிட்டேன். பத்து நிமிஷம், நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பத்து நிமிஷம். சாயங்காலம் கரண்டு வருகிறவரைக்கும் அப்படியே செய்தேன். ஆவி வந்துகொண்டேயிருந்தது. என் வாயிலும் மாட்டிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

ஆடி மாத மின்தடைக்கு அவள் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. ஆடிக்காற்றில் புழுதி ஏறி, மத்தியானம் ஒரு மணிக்கு மூச்சு லேசாக விசிலடித்தது. தானே மெஷினை எடுத்து, தானே மருந்தை ஊற்றி, சுவிட்சைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். மெஷின் உறுமியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். இன்வெர்ட்டர் பக்கம் போவேன், பச்சை எரிகிறதா என்று பார்ப்பேன், அவள் தோளைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். மூன்று நிமிஷம் தாண்டியது. ஐந்து. மாஸ்க்குக்குள் இருந்து அவள் ஏதோ சொன்னாள், புரியவில்லை. கையைக் காட்டித் தரையைத் தட்டினாள், உட்காருங்க என்று.

உட்கார்ந்தேன். அவள் என் முட்டியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள், எழுந்திருக்க விடாமல். பத்து நிமிஷமும் அப்படியே ஓடி முடிந்தது.

அவள் மாஸ்க்கைக் கழற்றியதும் நான் எழுந்து போய், மைத்துனன் கொடுத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து, பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தேன். மிதவை மேலேதான் நின்றது.